சாமி மண் சுமக்கப் போன நாளில் என் ஸ்பானிஷ்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று நான் சொன்ன நிமிஷத்தில், ஸ்பெயின் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அம்மன் கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடுகளில் நானும் ஒருவன். என்னிடம் இருந்த சரக்கு ஆங்கிலம் மட்டும். அதே சரக்கோடு கீழச் சித்திரை வீதியில் ஒரு பட்டாளமே நின்றுகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் ரிக்‌ஷாவிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் அத்தனை பேரும் சூழ்ந்துகொள்வோம். வைத்த காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு அவர் அப்படியே போய்விடுவதும் உண்டு. பிரெஞ்சு தெரிந்த அண்ணன் ஒருவர் மட்டும் இந்த நெரிசலில் சேரமாட்டார். டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் கம்பெனிக் கார் அவரைத் தேடிக்கொண்டு வரும். அந்தக் காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்போம்.

அந்த டீக்கடைக்கு ஒரு சித்திரை மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு டிராவல்ஸ் மேனேஜர் வந்தார். ஆவணியில் ஸ்பெயினிலிருந்து ஒரு குழு வருகிறதாம். அது நல்லபடியாக முடிந்தால் வருஷம் முழுக்க ஸ்பெயின்காரர்கள் வருவார்களாம். ஸ்பானிஷ் பேசுகிற ஆள் மதுரையில் கிடைத்தால் அவனுக்கே எல்லாக் குழுவும். கிடைக்காவிட்டால் மெட்ராஸிலிருந்தே ஆள் வருவான். இதையெல்லாம் அவர் பிரெஞ்சு அண்ணனிடம்தான் சொன்னார். அண்ணன் பக்கத்தில் நின்ற என்னைக் கைகாட்டினார்.

"வேணும்னா இவனக் கூட்டிட்டுப் போங்க சார். இங்கிலீசையே ஸ்பானிஷ் மாதிரிதான் பேசுவான்."

கடையே சிரித்தது. வடை போடுகிறவர்கூட ஜல்லிக்கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும் சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்குவரை யோசிக்கிறேன். பேரையூரிலிருந்து மாமனார் வரும்போதெல்லாம், "என்ன மாப்ள, நெலையா ஒண்ணும் அமையலையா?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். அந்தக் கேள்வி அப்போது என் வாய்க்குள் புகுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி தெற்கு மாசி வீதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"தெரியும்னு சொன்னீகளா, படிச்சுக்கிறேன்னு சொன்னீகளா?"

"தெரியும்னுதான்."

"அப்ப ஆவணிக்குள்ள தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழைய புத்தகக் கடையில் தானே கற்கும் ஸ்பானிஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பாடங்களில் நான் சிங்கம். ஆங்கிலத்தில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் ஒரே மொட்டை வினைதான். ஸ்பானிஷில் ஆளுக்கொரு வால் உண்டு. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான் என்று நாம் சொல்வதைப்போலவே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா. இது நம் சொந்தக்கார மொழி, எவனோ கப்பலில் கொண்டுபோய்விட்டான் என்று டீக்கடையில் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு அண்ணன் கேட்டுவிட்டு, "இறந்தகாலம் வந்துருச்சா மாப்ள?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "வரட்டும்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

வந்தது. அங்கே நேற்று என்பது ஒன்று இல்லை, இரண்டு. ஒரு நேற்றில் ஆள் தூங்கி, எழுந்து, பாயையும் சுருட்டி வைத்துவிட்டான். இன்னொரு நேற்றில் அவன் இன்னும் தூங்கிக்கொண்டே கிடக்கிறான், அந்த நேரம் பார்த்து வேறு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எந்த நேற்று எங்கே வரும் என்பதைப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கியது. விளக்க விளக்க எனக்கு இருந்த ஒரு நேற்றும் கலங்கிப்போனது. போதாக்குறைக்கு, போனான் என்பதற்கும் இருந்தான் என்பதற்கும் முடிந்த நேற்றில் ஒரே சொல். நாயக்க மன்னர் அரசராக இருந்தாரா, அரசரிடம் போனாரா என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

என் மேல் மட்டும் தப்பில்லை, ஊரின் மேலும் உண்டு என்று மனைவியிடம் வாதாடினேன். மதுரையில் எவன் இறந்தகாலத்தை மதிக்கிறான்? கட்டிலில் படுத்துக்கொண்டே "இந்தா வந்துட்டேன்" என்கிறோம். பால் இன்னும் வந்து சேராத கடையில் "டீ போட்டாச்சுண்ணே" என்கிறார்கள். துணியை இன்னும் அளக்காத தையல்காரர் "தச்சாச்சு, பட்டன்தான் பாக்கி" என்கிறார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம் இரண்டு நேற்றைக் கொடுத்தால் என்ன ஆகும்?

மறுநாள் அவள் இன்ஸ்டிடியூட்டிலிருந்து மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வெரலுக்கு மூள கெடையாது. நாக்குக்கும் கெடையாது. ரெண்டுக்கும் பழக்கந்தேன்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த கல்வி அது ஒன்றுதான். வருகிற பையன்களும் பெண்களும் அர்த்தமே இல்லாத நாலு எழுத்தை மாசக்கணக்கில் தட்டுவார்கள். ஒரு நாள் விரல் தானாக ஓட ஆரம்பிக்கும். அதே முறையை என் நாக்குக்கு வைத்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாள். ஒரு தட்டுக்கு ஒரு வினை. தடுக்கினால் முதலிலிருந்து. ஒருமுறை மாமனார் முன்னறிவிப்பில்லாமல் வந்து வாசலில் நின்றார். உள்ளே மகள் ஸ்கேலோடு உட்கார்ந்திருக்க, எதிரே மாப்பிள்ளை கைகட்டிக்கொண்டு ஏதோ மந்திரம்போல முனகிக்கொண்டிருந்தான். காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த கல்லுப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

வினைகள் ஏறின. ஆனால் தொண்டையில் இன்னொரு முள் இருந்தது. கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் அவன் நேற்றுச் செய்தான். அழுத்தாவிட்டால் நான் இன்று செய்கிறேன். நம் நாக்குக்கு இந்த அழுத்தம் எல்லாம் பழக்கமில்லை, எல்லா எழுத்தையும் சமமாக நடத்தும் நாக்கு. ரயில்வே ஸ்டேஷன் எதிரே லாட்ஜில் ஸ்பெயின் இளைஞன் ஒருவன் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அவனைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். ஆயிரங்கால் மண்டபத்தின் முன்னால் நின்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அவன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். பிறகு, எப்போது கட்டி முடிப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். மண்டபத்தை நான் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கோபுரத்தையும் நான்தான். பொற்றாமரைக் குளத்தையும் நானேதான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து புரிந்து படிக்கும் முயற்சியைக் கைவிட்டேன். நம் பள்ளிக்கூடங்கள் எனக்குச் சொல்லித் தந்த ஒரே கலை மனப்பாடம். கோயில் உரை முழுவதையும் எழுதி, அந்த ஸ்பெயின் பையனையே திருத்தச் சொல்லி, தூண் வரிசைப்படி உருப்போட்டேன். கிழக்கு வாசலில் ஆரம்பித்தால் குளத்துப் படியில்தான் மூச்சு விடுவேன். இந்தத் தூணுக்கு முடிந்த நேற்று, அந்தச் சிலைக்கு இழுத்துக்கொண்டே போகிற நேற்று என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி கோபுரத்துக்கு ஓடிவர வேண்டும், அது ஒன்றுதான் சங்கடம். ஆக, எனக்குத் தெரிந்த இறந்தகாலம் மொத்தமும் கோயிலுக்குள்ளே இருந்தது. வெளியே வந்தால் நான் வெறும் நிகழ்கால ஆள்.

ஆவணி வந்தது. குழுவும் வந்து பெரிய ஓட்டலில் இறங்கியது. மறுநாள் காலை நான் சவரம் செய்துகொண்டே உரையை ஓட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி அடுப்படியிலிருந்து புட்டைப் பற்றி என்னவோ சொன்னாள். வாங்கிட்டு வாங்க என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் அப்போது நந்தி மண்டபத்தில் இருந்தேன். தலையை ஆட்டிவைத்தேன்.

ஓட்டலில் முதல் கோளாறு. மேனேஜர் மெட்ராஸிலிருந்து வந்து, சலவைச் சட்டையோடு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆகவே முகங்களைப் பார்த்துத்தான் என்னை எடை போடுவார் என்பது எனக்குத் தெரியும். அசத்திவிட வேண்டும் என்று, பஸ் வந்துவிட்டது என அறிவித்தேன். வினை பிசகவில்லை, அழுத்தமும் பிசகவில்லை. மொத்தக் குழுவும் தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலுக்கு வந்தது. பஸ் அப்போது டீசல் போடப் போயிருந்தது. நான் மதுரைக்காரன் சொல்கிற 'வந்துருச்சு'வைத்தான் சொன்னேன். அவர்கள் ஸ்பெயின்காரர்களாக அதைக் கேட்டுவிட்டார்கள். வெகுநேரம் வெயிலில் நின்றார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கோயிலுக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். கிழக்கு வாசலுக்குப் போனோம். பெரிய கதவு சாத்தியிருந்தது.

காலை வேளையில் அது சாத்தியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இன்னைக்குப் புட்டுத் திருவிழால்ல. சாமியும் அம்மனும் விடியவுமே புட்டுத்தோப்புக்குக் கெளம்பிட்டாக. அவுக திரும்பி வந்தாத்தேன் நடை தெறப்பாக." பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டது. "நீங்க எந்த ஊருண்ணே?"

இதே ஊரில் பிறந்து, இந்தக் கோயிலையே காட்டிப் பிழைக்கிறவன் மறந்துபோனேன். இரண்டு நேற்றுகளைப் பிடித்து வைத்திருந்தவனுக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியவில்லை. என் இறந்தகாலம் முழுவதும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

பிரெஞ்சு அண்ணன் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒன் ஸ்பானிஷக் கேட்டு சாமியே கெளம்பிருச்சே மாப்ள."

மேனேஜர் என் காதருகே வந்து, இனிமேல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவில் மெட்ராஸ் ஆள் ஒருவன் ரயில் ஏறுவது எனக்குக் கேட்டது.

குழுவின் தலைவி கட்டையான, குரல் பெரிதான பெண்மணி. ஏன் மூடியிருக்கிறது என்றார். கடவுள் வீட்டில் இல்லை என்றேன். எங்கே போனார் என்றார். வேலைக்குப் போகிறார் என்று நிகழ்காலத்தில் வந்தது; அதுதான் கைவசம் இருந்தது. என்ன வேலை என்றார். மண் சுமக்கிற வேலை என்றேன். அந்தம்மா திரும்பி மற்றவர்களிடம் அதைச் சொன்னார். இருபது சொச்சம் பேரும் ஒரே குரலில், அங்கே போகலாம் என்றார்கள்.

ஆரப்பாளையத்தைத் தாண்டி, வைகைக்கரைப் பக்கம் புட்டுத்தோப்பு. ஜனம் நெருக்கியடித்தது. மண்டபத்தில் சாமி இன்னும் மண் சுமக்க ஆரம்பிக்கவில்லை. அதற்குள் கதையைச் சொல்லிவிட வேண்டும். "முன்னொரு காலத்தில் ஒரு கிழவி" என்று தொடங்கினேன். இருந்தாளா, இருந்துகொண்டிருந்தாளா? நாக்கு நின்றது. மறுபடி தொடங்கினேன். மறுபடி நின்றது. மேனேஜர் எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் சத்தம் மனசுக்குள் கேட்டது. ஒரு தட்டுக்கு ஒரு வினை. சரி, போ என்று முன்னொரு காலத்தைத் தூக்கித் தூரப் போட்டேன்.

வைகையில் வெள்ளம் வருகிறது. ராஜா பயப்படுகிறார். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை உடைப்பை அடை என்கிறார். வந்திக் கிழவிக்கு யாரும் இல்லை, புட்டு விற்கிறாள். ஒரு கூலிக்காரன் வருகிறான். நான் உனக்காக மண் சுமக்கிறேன், கூலி வேண்டாம், உதிர்ந்த புட்டைக் கொடு என்கிறான். கிழவி அவிக்கிறாள். ஒரு புட்டுகூட முழுசாக வர மாட்டேன் என்கிறது, எல்லாமே உதிர்கிறது. அவன் தின்கிறான். பாடுகிறான். ஆடுகிறான். கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

சொற்கள் போதாத இடத்தில் உடம்பைச் சேர்த்துக்கொண்டேன். தூங்குகிறான் என்றபோது பேண்ட்டைப் பற்றி யோசிக்காமல் மண்ணில் படுத்தேன். சுற்றி நம் ஆட்களும் கூடிவிட்டார்கள். ஒருவர், "அண்ணே, அடி வாங்குறதையும் செஞ்சு காட்டுங்க" என்று எடுத்துக்கொடுத்தார்.

ராஜா வருகிறார். எல்லார் பங்கும் அடைபட்டிருக்கிறது, கிழவி பங்கு மட்டும் உடைந்தே கிடக்கிறது. பிரம்பால் முதுகில் அடிக்கிறார். அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. ராஜா முதுகில், ராணி முதுகில், மந்திரி முதுகில், குதிரை முதுகில், உங்கள் முதுகில். நான் துள்ளினேன். தொப்பி போட்ட ஒரு பெரியவர் என்னோடு சேர்ந்து தானும் துள்ளினார். கூலிக்காரன் ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டுகிறான். வெள்ளம் நிற்கிறது. ஆளைக் காணோம்.

அந்த நேரத்தில் மண்டபத்தில் மேளம் எழுந்தது. பட்டர் தங்க மண்வெட்டியால் மண்ணை அள்ளித் தங்கக் கூடையில் போட்டார். சாமி மண் சுமந்தார். நான் சொன்னது கண் முன்னால் நடக்கிறது. ஸ்பெயின்காரர்கள் எட்டிப் பார்க்க நுனிக்காலில் நின்றார்கள். முன்னால் இருந்த பெண்கள் தள்ளி நின்று அவர்களுக்கு வழிவிட்டார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. தலைவி, இது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதா என்றார். நடக்கிறது என்றேன். ஒவ்வொரு வருஷமும் தூங்குகிறாரா? தூங்குகிறார். ஒவ்வொரு வருஷமும் அடிபடுகிறாரா? அடிபடுகிறார். ராஜாவுக்குப் புத்தி வருவதில்லையா? வருவதில்லை. அந்தம்மா துள்ளிய பெரியவரைச் சுட்டிக்காட்டி, இவர் என் புருஷன், தின்பதும் தூங்குவதும் அப்படியே, மண் சுமப்பது மட்டும்தான் இன்னும் இல்லை என்றார். குழு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, தங்கள் ஊரில் வசந்தகாலத்தில் மாதாவை ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதைச் சொன்னார். அவளுடைய மகன் சாகிறான், அவள் அழுகிறாள், நாங்களும் அழுகிறோம் என்றார். அவரும் நிகழ்காலத்தில்தான் சொன்னார்.

எல்லாரும் இலையில் புட்டு வாங்கி, விரலை நக்கி நக்கித் தின்றார்கள். காலையில் மனைவி சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

ஓட்டலுக்குத் திரும்பியதும் தலைவி மேனேஜரிடம் ஆங்கிலத்தில் பேசினார். இந்த மனிதரின் ஸ்பானிஷ் படுமோசம், இனி வருகிற எங்கள் ஆட்களுக்கு இவரையே அனுப்புங்கள் என்றார். மேனேஜர் இரண்டாவது பாதியை மட்டும் எனக்குத் தமிழில் சொன்னார். முதல் பாதியும் எனக்கு விளங்கியிருந்தது. ஆங்கிலம் என் பழைய சரக்கு அல்லவா. அடுத்த குழு கார்த்திகையில், எல்லாம் உங்களுக்குத்தான் என்று கைகொடுத்தார். டவுன்ஹால் ரோட்டில் பிரெஞ்சு அண்ணன் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து குடித்தேன். சட்டை முதுகில் புட்டுத்தோப்பு மண் அப்படியே இருந்தது. தட்டிவிடவில்லை.

நேரே இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். உள்ளே எல்லா மெஷினும் தடதடத்துக்கொண்டிருந்தன. மனைவி ஸ்கேலோடு வரிசைக்கு நடுவில் நின்றாள். பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். மூடின கதவு, பூக்கார அக்கா, மண்ணில் உருண்டது, கார்த்திகைக் குழு எல்லாவற்றையும் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அந்தத் தைரியத்தில் கடைசியாக ஒன்றையும் சொன்னேன். கிளம்புகிற நேரத்தில் மேனேஜர், அடுத்த வருஷம் இத்தாலிக்காரர்களும் வருகிறார்கள், இத்தாலிய மொழி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஸ்கேலை என் கையில் கொடுத்தாள்.

"அது ஒங்க பாடு."